திரைக்கு அந்தப் பக்கம் தம்பி

மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் கப்பலிலிருந்து கொள்கலன்களைத் தூக்கி இறக்கும் பெரிய கிரேன்கள் உண்டு. என் தம்பி இராமலிங்கம் அவற்றின் உச்சிக்கு ஏறி, இரும்புக் கயிற்றைப் பழைய துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கயிற்றை மெல்ல ஓடவிடச் சொல்வான். ஓர் இழை அறுந்திருந்தாலும் துணி அதில் மாட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அறுப்பைத் துணி பிடித்துவிடும். அந்தத் துணியை நான்தான் கொடுப்பேன். நான் ஆஸ்பத்திரி துணி அறையில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவள். கிழிந்து கழித்துவிட்ட படுக்கை விரிப்புகளை மேலதிகாரியிடம் கேட்டு வாங்கி வந்து, ஒரு முழத்துக்கு வெட்டி, நாலு பக்கமும் ஓரம் மடித்துத் தைத்துக் கொடுப்பேன். கயிறு துடைக்கிற துணிக்கு ஓரம் எதற்கு என்று தம்பி கேட்பான். ஓரம் மடிக்காத துணியைக் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது.

எங்கள் அப்பா பக்கிரிசாமி ரயில்வேயில் தண்டவாளம் பார்ப்பவர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் நாங்கள் பிறந்தோம். அம்மா இறந்தபோது எனக்குப் பதினாறு வயது, தம்பிக்கு ஐந்து. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். அவனை நிறுத்தவில்லை. தொழிற்பள்ளியில் படித்து, இருபது வயதில் துறைமுகத்தில் ஃபிட்டர் வேலைக்குப் பழகச் சேர்ந்தான். முதல் கொள்கலன் கிரேன் வந்தபோது, மேலே ஏறத் தயங்கியவர்களுக்கு நடுவே முதலில் ஏறியவன் அவன் என்று அவனுடைய ஃபோர்மேன் என்னிடம் சொன்னார். தம்பி இன்றுவரை சொன்னதில்லை.

என் கணவர் கல்யாணமான ஏழாம் வருஷம் தவறிவிட்டார். எனக்குப் பிள்ளையில்லை. தம்பி மனைவி வள்ளியம்மா 1982இல் காய்ச்சலில் போய்விட்டபோது மகள் கோமதிக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து கிள்ளானில் தம்பி வீட்டில்தான் இருக்கிறேன். அப்பனை வளர்த்த அதே கையால் மகளையும் வளர்த்தேன்.

கிரேன் செய்கிற ஒரு ஜெர்மானியக் கம்பெனி பிறகு தம்பியை எடுத்துக்கொண்டது. 1990இலிருந்து வருஷத்தில் இரண்டு மூன்று முறை அவனை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அங்கே புதுக் கிரேனைப் பார்ப்பது, பாகங்களைச் சோதிப்பது, இங்கே வந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. தெருவில் எல்லோரும் அவனைப் பெரிய மனுஷன் என்றார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் அவனுக்கு அந்த விமானம் பிடிக்கவே இல்லை.

"மேல ஏறினா காத்து வரும்க்கா. பன்னெண்டு மாடி ஒசரத்துல நின்னா காலுக்குக் கீழ கப்பல், கண்ணுக்கு முன்னாடி கடல். ப்ளேன்ல அதவிட எவ்வளவோ ஒசரம், ஆனா முட்டிய நகத்த இடமில்ல. முன்னாடி சீட்டு வந்து மூஞ்சில இடிக்குது. பக்கத்துல ஒருத்தன் தூங்கிட்டான்னா நான் ஜெயில்லதான்" என்பான்.

"எழுப்பிட்டுப் போறது லா" என்பேன்.

"தூங்குற மனுசன எப்படி எழுப்புறது?"

அதுதான் என் தம்பி. பன்னிரண்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பான். வேலையை விடவும் முடியாது. கோமதி இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனி ஆள் ஒருவர் அவனை விமானக் கம்பெனியின் மைல் திட்டத்தில் சேர்த்துவிட்டார். எத்தனை தூரம் பறக்கிறோமோ அத்தனை மைல் நம் பெயரில் சேரும். போதுமான அளவு சேர்ந்தால் சாதாரண டிக்கெட் வைத்திருப்பவர் முன்பகுதியில் அகலமான இருக்கையில், கால் நீட்டிப் படுத்துப் போகலாம். தம்பி அந்த அட்டையைப் பர்ஸில் வைத்திருந்தான், பயன்படுத்தவே இல்லை. ஒவ்வொரு முறையும் "இந்தத் தடவ முன்னாடி போயேன்டா" என்று சொல்வேன். "இருக்கட்டும்க்கா" என்பான். பிறகுதான் காரணம் சொன்னான். கோமதி பட்டம் வாங்கும்போது அவனும் நானும் லண்டனுக்குப் போகும் பயணத்துக்காகச் சேர்க்கிறான். இரண்டு பேரும் முன்னால்.

1995 பிப்ரவரியில் விமானக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு பேருக்கு மைல் போதவில்லை. ஜெர்மனி அலுவலகம் டிக்கெட் எடுத்த சில பயணங்களில் தம்பியின் அட்டை எண்ணைச் சொல்லாமல் விட்டிருந்தார்கள். அவையெல்லாம் சேரவில்லை. ஏறும்போது கிழித்துத் தரும் போர்டிங் அட்டைத் துண்டுகளை அனுப்பினால் சேர்த்துத் தருவோம் என்று எழுதியிருந்தது.

தம்பி நிம்மதியாகச் சிரித்தான். "அக்கா எதையும் தூக்கிப் போடாத ஆளு. எடுத்துட்டு வாங்க."

நான் சாமி மேடையைப் பார்த்தேன்.

ஒவ்வொரு முறை அவன் வந்ததும் சட்டையைத் துவைக்கப் போடுமுன் பையைத் துழாவி அந்தத் துண்டை எடுப்பேன். அது என் தொழில் பழக்கம். பை பார்க்காமல் ஒரு துணியையும் தண்ணீரில் போட மாட்டேன். நல்லபடியாகப் போய் வந்தானே என்று அந்தத் துண்டில் விபூதி தொட்டு முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பேன். தேதி வரிசையாக நூலில் கட்டியிருந்தேன். அந்த ஜனவரியில் போகி வந்தது. பழையது எதுவும் தை மாதத்துக்குள் வரக்கூடாது என்று சாமி மேடையைத் துடைத்தேன். காய்ந்த மாலை, பழைய காலண்டர், திரி, எல்லாவற்றோடும் அந்தத் துண்டுகளின் கட்டையும் கொல்லையில் தகரத்துக்குள் போட்டுக் கொளுத்தினேன். சாமிக்கு வைத்ததைக் குப்பையில் போடக்கூடாதே என்று கற்பூரம் வைத்துக் கொளுத்தினேன்.

"எரிச்சிட்டேன்" என்றேன்.

"எத?"

"எல்லாத்தையும். போகிக்கு."

தம்பி கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டான். பிறகு தோள் குலுங்கச் சிரித்தான். "போய்த் தொலையட்டும் லா. முருகன் பேர்ல சேந்திருக்கும். மயில வுட்டுட்டு இனிமே அவரு ப்ளேன்ல போவாரு."

அவன் சிரித்தாலும் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஒருவருக்குப் போதுமான மைல்தான் இருந்தது.

மார்ச்சில் அவன் மறுபடி ஜெர்மனி போய் வந்தான். வந்ததும் வலது காலைச் சற்று இழுத்து நடந்தான். ஏணியில் இடித்துக்கொண்டேன் என்றான். நம்பினேன்.

மே மாதம் டிக்கெட் எடுக்கும்போது, முன் இருக்கையில் அவன்தான் உட்கார வேண்டும் என்று சொன்னேன். "நான் குள்ளம். எங்க போட்டாலும் சுருண்டு கெடப்பேன். நீ நெடுங்காலன்." எப்படியும் ஒரு வாரம் வாதாடுவான் என்று தயாராக இருந்தேன். அவன் உடனே "சரிக்கா" என்றான். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. இருந்தாலும் நான் எரித்ததற்கு ஒரு பரிகாரம் என்று மனசு லேசானது.

ஜூலையில் ஒரு காலை நேர விமானம். சுபாங் விமான நிலையத்துக்கு வழியனுப்ப இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். எங்களில் ஒருவர் கடல் தாண்டிப் போனால் அப்படித்தான் வருவார்கள். செந்தூலிலிருந்து எங்கள் தாய்மாமன் நாகையா வந்திருந்தார். ரயில்வே பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சத்தமாகப் பேசித்தான் எங்களுக்குப் பழக்கம்.

"என்னமோ மைலு, முன்னாடி சீட்டுன்னு சொன்னாங்களே, யாருப்பா உக்காரப் போறது?" என்று கேட்டார்.

"தம்பிதான் மாமா" என்றேன்.

மாமா தம்பியை மேலும் கீழும் பார்த்தார். "அக்கா பின்னாடி, தொரை முன்னாடியா? கால நீட்டிக்கிட்டு?"

"மாமா, நான்தான் சொன்னேன்" என்றேன்.

"நீ சொல்லுவ. அஞ்சு வயசுலருந்து அவனுக்கு வாயில ஊட்டுனவ நீ. அவனுக்குப் புத்தி எங்க போச்சு? ஜெர்மன்காரன் சம்பளம் குடுத்தா அக்கா கூலிக்காரியா ஆயிருவாளா?"

யாரோ சிரித்தார்கள். "மாமா கேக்குறது ஞாயம்தானே" என்று ஒரு பெண் குரல் வந்தது. மாமா கேலியாகத்தான் சொன்னார். அவருக்கு வேறொன்றும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்தவன் ஒருவன்தான், அவன் வாய் திறக்கவில்லை. இருபது பேர் முன்னால் தம்பியின் காது சிவந்துபோனதைப் பார்த்தேன். அவன் இரண்டு பாஸ்போர்ட்டையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கவுண்டருக்குப் போனான். பின்னாலேயே ஓடினேன். அதற்குள் அவன் அதிகாரியிடம் பேசி முடித்திருந்தான். இரண்டு டிக்கெட்டும் ஒரே பதிவு, குடும்பத்தில் யார் வேண்டுமானாலும் அந்த இருக்கையில் போகலாம் என்று அதிகாரி எங்கோ தொலைபேசியில் கேட்டு, பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்.

"வேணாம்டா" என்றேன்.

"எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்கக்கா. நடங்க."

விமானத்துக்குள் ஏறியதும் என்னை இடப்பக்கம் திருப்பினார்கள். அவனை வலப்பக்கம். திரும்பிப் பார்த்தேன். வரிசைக்குள் அவன் தலை மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பணிப்பெண் வந்து இரண்டு பகுதிக்கும் நடுவே திரையை இழுத்துவிட்டாள்.

அந்த இருக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு சோபாவைவிட அகலம். சூடான துண்டு கொடுத்தார்கள். அதன் ஓரம் மடிப்பு சரியாக இருந்தது. கைப்பிடியில் பொத்தான்கள். ஒன்றை அழுத்தினேன், முதுகு பின்னால் சாய்ந்தது. இன்னொன்றை அழுத்தினேன், கீழிருந்து ஒரு பலகை எழும்பி இரண்டு காலையும் தூக்கியது. சேலையை இழுத்து மூடிக்கொண்டேன். பிறகு எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அது இறங்கவில்லை. பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கேட்க வெட்கம். ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் நோயாளிபோல மல்லாந்து கிடந்தேன். சாப்பாடு வந்தபோதும் அப்படியே கிடந்தேன். வேண்டாம் என்றேன். கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. அதையும் அடக்கிக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே வெயிலும் மேகமும். மூன்றரை மணி நேரம் அப்படிப் போனது. தம்பி ஐந்து வருஷம் பட்டது இதுதானோ என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தப் பணிப்பெண் வந்தாள். கெபாயா உடை போட்ட மலாய்ப் பெண், கையில் இன்னொரு தலையணை. குனிந்து, "மாக்சிக், காலு எப்படி இருக்கு? வீக்கம் குறைஞ்சிருக்கா?" என்று மலாயில் கேட்டாள். மாக்சிக் என்றால் அத்தை.

"எனக்கு என்ன வீக்கம்? கால் நல்லா இருக்கு" என்றேன்.

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள், இருக்கை எண்ணைப் பார்த்தாள். "இந்த இருக்கைக்கு டாக்டர் கடிதம் வந்திருக்கிறது, மாக்சிக், இப்போதுதான் பார்த்தேன். காலில் இரத்தம் கட்டியிருக்கிறது, வழி முழுக்கக் காலை உயர்த்தி வைக்க வேண்டும், மணிக்கு ஒரு தடவை நடக்க வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. வலது கால்."

வலது கால். மார்ச் மாதம். ஏணி. உடனே "சரிக்கா" என்றது. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் நெஞ்சில் விழுந்தன. பெயரை மாற்றிய அதிகாரி, தம்பியின் கடிதத்தை மாற்றாமல் அந்த இருக்கை எண்ணோடேயே விட்டுவிட்டார்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் துணி அறையில் இருப்பவர்களுக்குச் சில விஷயம் தெரியும். காலில் இரத்தம் கட்டிப் படுத்திருப்பார்கள். காலையில் எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கட்டி நகர்ந்து நெஞ்சுக்கு ஏறிவிட்டால் மாலையில் அந்தக் கட்டில் விரிப்பு மட்டும் தனி மூட்டையாகக் கீழே வரும். அப்படி எத்தனை விரிப்புகளை நான் பிரித்திருக்கிறேன்.

"இதை இறக்கிவிடு பெண்ணே" என்றேன். அவள் ஒரே ஒரு பொத்தானைத் தொட்டாள். பலகை இறங்கியது.

திரையைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். ஜன்னல்களை மூடியிருந்தார்கள். நூற்றுக்கணக்கான தலைகள். வால்பக்கம், நடுவே நாலு பேர் உட்காரும் வரிசையில் உள்பக்கமாகத் தம்பி இருந்தான். ஒரு பக்கம் இரண்டு வெள்ளைக்காரர்கள் வாய் திறந்து தூங்கினார்கள். இந்தப் பக்கம் நடைபாதை ஓரத்தில் ஒரு சீன அம்மா, அவரும் கண்ணை மூடியிருந்தார். என்னைப் பார்த்ததும் தம்பி முகம் மலர்ந்தது.

"என்னக்கா, முன்னாடி நல்லா சாப்பாடு குடுத்தாங்களா?"

"காலக் காட்டு."

"எந்தக் காலு?"

"எத்தனை காலு வெச்சிருக்க? டாக்டர் லெட்டர் என் சீட்டுக்கு வந்திருக்கு. காட்டுறா."

அவன் குரலைத் தாழ்த்தினான். "சத்தம் போடாதீங்க. மாத்திரை சாப்பிடுறேன். ஒண்ணும் இல்ல."

"எத்தன தடவ எழுந்து நடந்த?"

அவன் சீன அம்மாவைக் கண்ணால் காட்டினான். தூங்குகிறார்.

"எழுந்து வா. முன்னாடி போ. நான் இங்க உக்காந்துக்கறேன்."

"மாட்டேன். அத்தன பேரு முன்னாடி உங்கள அங்க உக்கார வெச்சிட்டேன். இனி மாத்த முடியாது."

"மாமா இந்நேரம் செந்தூல்ல சோறு தின்னுட்டுக் கொறட்ட விட்டுக்கிட்டு இருப்பாரு. அவரா பாக்கப் போறாரு?"

"மாமாவுக்காக இல்லக்கா. எனக்குத் தெரியுமில்ல? நான் முன்னாடி படுத்துக்கிட்டு நீங்க இந்தப் பொந்துல கெடந்தா எனக்குச் சோறு எறங்குமா? போங்க, போய்ப் படுங்க."

"அப்ப நான் இங்கயே நிக்கிறேன்."

"எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"லண்டன் வரைக்கும்."

அவன் சிரித்தான். நான் இருக்கை முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் அவன் எங்கோ பார்ப்பதுபோல் இருந்தான். எட்டாவது நிமிஷம் தலையைக் குனிந்துகொண்டான். சீன அம்மா கண் விழித்தார். என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"இது யாரு?" என்று மலாயில் கேட்டார்.

"என் அக்கா."

"அக்கா நிக்கிறாங்க, நீ உக்காந்திருக்க?"

இராமலிங்கம் எழுந்துவிட்டான். பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. சீன அம்மா வழிவிட, அவன் நடைபாதைக்கு வந்தான். வந்ததும் வலது காலை ஊன்ற முடியாமல் இருக்கை முதுகைப் பற்றிக்கொண்டான். அந்தக் காலில் ஷூ நாடா முழுக்க அவிழ்ந்திருந்தது. கால்சட்டை கெண்டைக்காலில் மத்தளத் தோல்போல இழுத்துக் கிடந்தது.

"போ" என்றேன்.

"நீங்க நின்னா நானும் நிக்கிறேன். நடக்கத்தானே டாக்டர் சொன்னாரு? நடப்போம். ஆனா முன்னாடி போக மாட்டேன்."

கழிப்பறை வரைக்கும் நடந்தோம். திரும்பி வந்தோம். நாலு முறை. அவன் ஒவ்வொரு முறையும் முன்பைவிட மெதுவாக நடந்தான். ஆனால் பிடிவாதம் மட்டும் குறையவில்லை. அவனை என்ன சொல்லி நகர்த்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அடிக்கிற வயது தாண்டிவிட்டது. அழுதால் அவனும் அழுவான், அவ்வளவுதான்.

அப்போது விமானம் ஆடத் தொடங்கியது. பெல்ட் விளக்கு எரிந்தது. அறிவிப்பு வந்தது. அந்த மலாய்ப் பெண் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டே வேகமாக வந்தாள். "இருவரும் உடனே உட்காருங்கள், நிற்கக்கூடாது."

விமானத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் இரண்டே இடம். ஒன்று முன்னால், ஒன்று இங்கே. தம்பி என்னை முன்னால் போகச் சொல்லிக் கையை நீட்டினான். நான் அவன் கைக்குக் கீழே குனிந்து, சீன அம்மாவின் முழங்காலைத் தாண்டி, அவன் இருக்கையில் விழுந்தேன். பெல்ட்டை எடுத்துப் பூட்டினேன். பூட்டத் தெரியாது என்று நினைத்திருப்பான். முன்னால் இருந்தபோதே பார்த்துவைத்திருந்தேன்.

"அக்கா."

"உக்காரச் சொல்றாங்க. போய் உக்காரு."

"அக்கா, இது ஞாயமில்ல."

"அந்தப் பொண்ணு உன்னால நின்னுக்கிட்டு இருக்கு. விழுந்து கிழுந்து வெச்சா யாரு பதில் சொல்றது?"

அந்தப் பெண் அவன் முழங்கையைப் பிடித்தாள். வேறு இடம் இல்லை. அவன் ஒரு முறை என்னைப் பார்த்தான், சின்ன வயதில் பள்ளி வாசலில் விட்டுவிட்டு வரும்போது பார்ப்பானே, அப்படி. பிறகு இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நொண்டியபடி போனான். திரை விலகி மூடியது.

அதன் பிறகு ஒன்பது மணி நேரம். நான் குள்ளம், சுருண்டு கிடப்பேன் என்று சொன்னது பொய் என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்தது. வலப்பக்கத்து வெள்ளைக்காரர் தூக்கத்தில் என் தோளில் சாய்ந்தார். முன் இருக்கை என் மடிவரை வந்தது. ஆனால் அதெல்லாம் பெரிதில்லை. திரைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாததுதான் பெரிது. திரை அசையும்போதெல்லாம் யாராவது டாக்டரைத் தேடி ஓடுகிறார்களோ என்று பார்த்தேன். அந்தப் பெண் பக்கத்தில் வரும்போதெல்லாம் கேட்டேன்.

"காலைத் தூக்கி வெச்சிருக்காரா?"

"வெச்சிருக்கார், மாக்சிக்."

ஒரு மணி நேரம் கழித்து, "மூச்சு நல்லா விடறாரா?"

"நல்லா விடறார். நீங்க சாப்பிட்டீங்களான்னு கேக்கிறார்."

"சாப்பிட்டேன்னு சொல்லு."

"சாப்பிட்டால்தான் சொல்வேன்" என்று அவள் ஒரு தட்டைக் கொண்டு வந்து வைத்தாள். தட்டை வைத்தபின் கையை அசைக்கவும் இடமில்லை. சீன அம்மா ரொட்டியைப் பிய்த்து என் கையில் கொடுத்தார்.

லண்டனில் இறங்கியதும் முன்னால் இருப்பவர்களைத்தான் முதலில் விட்டார்கள். பின்பகுதியில் எல்லோரும் எழுந்து பைகளை இறக்கிக்கொண்டு அப்படியே நின்றார்கள். யாரும் நகரவில்லை. என் முன்னால் முதுகுகள், தோள்கள், பைகள். தம்பியைப் பற்றி யாரிடமும் கேட்க முடியவில்லை. இருபத்தைந்து நிமிஷம் கழித்து வாசலுக்கு வந்தபோது, முன்னால் இருந்த இருக்கைகள் எல்லாம் காலி.

விமானத்திலிருந்து போகும் குழாய் போன்ற பாதையின் முனையில் சக்கர நாற்காலியில் அவன் இருந்தான். தள்ளிச் செல்ல வந்தவர் பொறுமையிழந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வராமல் நகர மாட்டேன் என்று தம்பி சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தான்.

விமான நிலையத்துக்கு வந்த கோமதியோடு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டி தொடைவரை ஏறியிருந்தது. நெஞ்சுக்குப் போகவில்லை. டாக்டர் கோமதியிடம் நீளமாகப் பேசினார். அவள் எனக்குத் தமிழில் சொல்லும்போது சுருக்கினாள். "அப்பா வழி முழுக்க அந்தப் பின்சீட்டுலயே இருந்திருந்தா..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். நான் மீதியைக் கேட்கவில்லை.

நாலாம் நாள் அவளுடைய பட்டமளிப்பு. தம்பியைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. கோமதி தானும் போகப்போவதில்லை என்றாள்.

"நீ போவலேன்னா நான் இந்த ட்யூபெல்லாம் புடுங்கிட்டு வருவேன்" என்றான் தம்பி.

"வருவான்" என்று நானும் சொன்னேன். எனக்கு அவனைத் தெரியும். அவள் போனாள், நானும் போனேன். அவள் பெயரைக் கூப்பிட்டபோது அவன் பெயரையும் சேர்த்துத்தான் கூப்பிட்டார்கள், கோமதி இராமலிங்கம் என்று. அதை அவன் கேட்டிருக்க வேண்டும்.

ஆறு வாரம் பறக்கக்கூடாது என்றார்கள். கோமதியின் ஒற்றை அறையில் மூன்று பேரும் இருந்தோம். பிறகு ஊர் திரும்பினோம், ஓரத்து இருக்கையில் அவனை வைத்து, மணிக்கு ஒரு தடவை நடக்க வைத்து. அதோடு கம்பெனி டாக்டர் கிரேன் ஏணிக்கும் தடை போட்டுவிட்டார், நீண்ட பயணத்துக்கும் தடை போட்டுவிட்டார். இப்போது அவன் துறைமுகத்தில் கீழே, உதிரிப் பாகக் கிடங்கில் இருக்கிறான். ஜன்னலில்லாத அறை, மேசை, விசிறி. மேலிருந்து கயிற்றைத் துடைத்த துணியைப் பையன்கள் கொண்டுவந்து காட்டுவார்களாம், அறுப்பு எந்த இடம் என்று அவன் தடவிச் சொல்வானாம். கோமதிக்கு அங்கேயே வேலை கிடைத்துவிட்டது. அவன் போக முடியாது, அவள் விடுமுறைக்கு வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசுவார்கள். அந்தக் கிடங்கைப் பற்றிக் கேட்டால் "நல்லா இருக்கு" என்பான். நல்லா இல்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

மாலையில் வேலையிலிருந்து வந்ததும் இரண்டு மணி நேரம் காலை உயர்த்தி வைத்திருக்க வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. ஹாலில் அவனுக்கு ஒரு நாற்காலியும், எதிரே காலுக்கு ஒரு ஸ்டூலும், அதன் மேல் தலையணையும் போட்டு வைத்திருக்கிறேன். காலை நீட்டித் தொலைக்காட்சி பார்ப்பான். நான் அறைக்குள் நுழைந்தவுடன் காலைக் கீழே இறக்கிவிடுவான். எத்தனையோ முறை சொல்லிவிட்டேன், திட்டிவிட்டேன். "தெரியாம எறங்கிருச்சுக்கா" என்பான். ஏற்றி வைப்பான். நான் துவைத்த துணியை எடுத்துக்கொண்டு மறுபடி ஹாலைக் கடந்தால் கால் தரையில் இருக்கும்.

அதனால் இப்போது ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை நான் ஹாலுக்குப் போவதில்லை. சமையலறையில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தி, உள்ளே உட்கார்ந்திருக்கிறேன்.